மூன்றாவது கண்ணாடிப் பெட்டியில் ஒரு பூட்ஸ் நாக்கு

கோபத்தோடுதான் எழுதுகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறிய பிறகு எழுது என்று வீட்டில் சொன்னார்கள். இரண்டு மாதம் ஆறவிட்டுப் பார்த்தேன். ஆறவில்லை.

எனக்குச் சண்டை நடந்த இடங்களைப் பார்ப்பதில் ஒரு பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஆற்காட்டுக் கோட்டையில் மிச்சமிருக்கும் ஒற்றை வாசலுக்கு நாலு தடவை போயிருக்கிறேன். வேலூர்க் கோட்டையின் அகழியைச் சுற்றி எத்தனை தடவை நடந்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் கல்யாணத்துக்கு முந்திய போட்டோ எடுக்க வருகிறவர்கள். மதிலில் குண்டு துளைத்த இடம் எது என்று நான் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "கொஞ்சம் நகருங்க மேடம், பிரேம்ல வர்றீங்க" என்பார்கள்.

ஆம்பூர்ச் சண்டைக்களத்தைத் தேடிப் போன கதை இன்னும் மோசம். நவாபு ஒருவர் யானைமேல் இருந்தபடியே செத்த களம் அது. தென்னிந்தியாவின் தலையெழுத்தை மாற்றிய சண்டைகளில் ஒன்று என்று படித்திருந்தேன். போனில் ஒரு பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு மலையடிவாரத்தில் அலைந்தேன். கடைசியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன்.

"அண்ணா, இங்க ஒரு பெரிய சண்டை நடந்துச்சே, எந்த எடம்?"

"சண்டையா? எப்போ? நேத்து பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயா?"

"இல்லண்ணா, எரநூத்தம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு."

"அப்போ கேஸு முடிஞ்சிருக்கும் போம்மா. டீ போடட்டா?"

டீயைக் குடித்துவிட்டு வந்தேன். ஒரு கல்கூட நடவில்லை. தோல் ஏற்றிப் போகும் லாரிகள், பிளாட் போட்ட கொடிகள், நுரை கட்டிய கால்வாய். அதற்கும் நான் கோபப்பட்டதுண்டு. ஆனால் இப்போது சொல்ல வந்தது அந்தக் கோபம் இல்லை. இந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு கூட்டத்தில், முதல் வரிசையில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதி அந்த நாற்காலியைப் பிடுங்கிவிட்டேன்.

அந்த நாற்காலியைப் போட்டவர்கள் ஒரு தனியார் அறக்கட்டளைக்காரர்கள். கோட்டைக்கு வெளியே, ஒரு சந்துக்குள், கீழே பாத்திரக் கடையும் மேலே நீளமான கூடமுமாக ஒரு கட்டடம். அந்தக் கூடத்தில் சிப்பாய்ப் புரட்சி நினைவுக் காட்சியகம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அரசாங்க மியூசியம் போல இல்லை. ஏழு கண்ணாடிப் பெட்டிகள், சுவரில் படங்கள், ஒரு மின்விசிறி, ஒரு பார்வையாளர் புத்தகம். நான் போனது இந்த வருஷம் ஜூன் மாதம்.

ஆயிரத்து எண்ணூற்று ஆறில் வேலூர்ச் சிப்பாய்கள் எதற்காகக் கிளம்பினார்கள் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்திருப்போம். நெற்றியில் திருநீறு, நாமம் கூடாது, தாடியை மழி, புதிதாகத் தொப்பி மாதிரி ஒரு தலைப்பாகை போடு என்று கும்பினிக்காரன் உத்தரவு போட்டான். அந்தத் தலைப்பாகையில் தோலால் செய்த ஒரு பட்டை. யார் வீட்டு மாட்டுத் தோலோ பன்றித் தோலோ என்று சிப்பாய்கள் கொதித்தார்கள். அந்தத் தோலில் ஒரு துண்டு எங்காவது மிஞ்சியிருக்குமா என்று நான் பல நாள் யோசித்ததுண்டு.

மூன்றாவது பெட்டியில் அது இருந்தது. சிவப்பு வெல்வெட் துணிமேல், இலை போல நீண்ட ஒரு தோல் துண்டு. ஓரம் சுருண்டு, கறுத்து, வெடித்திருந்தது. பக்கத்தில் அட்டை: 'புரட்சிச் சிப்பாயின் தலைப்பாகையில் இருந்த தோல் பட்டை, 1806.' அதற்குக் கீழே பொடி எழுத்தில், அணைக்கட்டு வட்டாரத்து ஒரு குடும்பத்தார் நன்கொடை என்று இருந்தது.

ஒரு நிமிஷம் உடம்பு சிலிர்த்தது உண்மை. அடுத்த நிமிஷம் சிரிப்பு வந்துவிட்டது.

நான் தோல் தொழில்நுட்பம் படித்தவள். ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு ஷூ பேக்டரியில் கியூ.சி. அதாவது தையலாகி வருகிற ஒவ்வொரு துண்டையும் திருப்பிப் பார்த்துத் தப்புக் கண்டுபிடிப்பது என் வேலை. தோலைப் பார்த்தால் எங்கள் ஊர்க்காரர்கள் மேல்பக்கத்தைப் பார்ப்பதில்லை, வெட்டிய ஓரத்தைத்தான் பார்ப்பார்கள். ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதனிட்ட தோலுக்கு ஓரம் முழுக்கப் பழுப்பாக இருக்கும். குரோம் போட்டுப் பதனிட்டதற்கு, மேலே எந்தச் சாயம் பூசினாலும், வெட்டின ஓரத்தின் நடுவில் ஒரு நீலச் சாம்பல் கோடு தெரியும். அந்தத் துண்டின் வெடிப்பில் அந்த நீலம் தெரிந்தது. குரோம் என்கிற முறையே இந்தச் சிப்பாய்கள் செத்து எத்தனையோ காலம் கழித்துத்தான் உலகத்துக்கு வந்தது. அடிப்பக்கத்தில் தையல் துளைகள். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரே இடைவெளி, மில்லிமீட்டர் பிசகாமல். கையால் அப்படித் தைக்கவே முடியாது. அது மிஷின். வடிவமோ, என் டேபிளுக்குத் தினமும் நூற்றுக்கணக்கில் வருகிற வடிவம். ஷூவில் கயிற்றுக்கு அடியில் பாதத்தின்மேல் கிடக்குமே, அந்த நாக்கு.

பூட்ஸ் நாக்கைத் தலைப்பாகையில் வைத்துவிட்டார்கள்!

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. போட்டோ, அம்புக்குறி, ஒன்று இரண்டு மூன்று என்று காரணங்கள், எல்லாம் போட்டு அறக்கட்டளைச் செயலாளருக்கு மெயில் அனுப்பினேன். எனக்குள் அப்படி ஒரு குஷி. அந்தப் பொடி எழுத்து வரியை நான் படிக்காமல் இல்லை. படித்தேன். ஒரு குடும்பம் என்றால் அதில் ஆட்கள் இருப்பார்கள் என்று மட்டும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் பதில் வந்தது. என் ஆய்வு மனப்பான்மை பாராட்டத்தக்கதாம். பொருள் உடனடியாகக் காட்சியிலிருந்து அகற்றப்பட்டதாம். ஜூலை பத்தாம் தேதி, புரட்சி வெடித்த நாளில், நடக்கும் வீரவணக்கக் கூட்டத்தில் என்னைத் 'தோல் துறை வல்லுநர்' என்று கௌரவிக்க விரும்புகிறார்களாம். முதல் வரிசையில் இருக்கை ஒதுக்கப்பட்டிருக்கிறதாம்.

அந்த மெயிலை நான் பேக்டரி கேண்டீனில் சத்தம் போட்டுப் படித்தேன். உடன் வேலை செய்கிற பெண்கள் கைதட்டினார்கள். தட்டிவிட்டு, "இன்னாடி வல்லுநரு, எங்களுக்கு பிரியாணி எப்போ?" என்றார்கள். அடுத்த பெஞ்சில் ஸ்டிச்சிங் லைன் அக்கா ஒருவர் பாதிச் சோற்றோடு டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்து போனார்.

அந்த அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் இல்லை, மகன் ஓசூரில். நாக்குத் தைக்கிற மிஷினில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். சூப்பர்வைசர் கூப்பிடுவது 'ஏழாம் நம்பர்' என்றுதான், அது மிஷினின் நம்பர். என்னை அவர் எப்போதும் பாப்பா என்பார். அன்று சாயங்காலம் அவர் தைத்த நாக்குகளின் கட்டு என் டேபிளுக்கு வந்தபோது அவரே கூட வந்து நின்றார்.

"மேடம், செக் பண்ணுங்க."

"இன்னாக்கா புதுசா மேடம்?"

"பின்ன? வல்லுநராச்சே. கண்ணாடிக்குள்ள இருக்கறதையே கண்டுபிடிச்சிட்டீங்க. இது கையில இருக்கு, ஈசிதான்."

எனக்கு அப்போதும் புரியவில்லை. அவரே சொன்னார். அந்தத் தோல் தங்கள் வீட்டுடையது என்றார். நேற்று அறக்கட்டளையிலிருந்து போன் வந்தது, சாமானை வந்து வாங்கிக்கொள்ளுங்கள், இந்த வருஷம் கூட்டத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றார். ஆம்பூர் பேக்டரியில் வேலை செய்கிற ஒரு பெண் எழுதிக்கொடுத்துவிட்டாள் என்றும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

"அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. ஆனா அது நெசமாவே பூட்ஸு நாக்குக்கா. ஓரத்துல நீலம்..."

"எனக்குத் தெரியாதா?" என்றார். சத்தம் போடவில்லை. "பதினோரு வருஷமா இன்னா தைக்கிறேன் நான்? பூவா? மொத தடவ அத கண்ணாடிக்குள்ள பாத்தப்பவே தெரியும். நீ நேத்து கண்டுபிடிச்சத நான் எட்டு வருஷம் முன்னாடியே கண்டுபிடிச்சேன். வாய மூடிக்கினு இருந்தேன்."

"ஏங்க்கா?"

"ஏனா?" அவர் ஒரு நாக்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே பேசினார். "வருஷம் ஒரு நாள் அங்க போவேன். வாசல்லயே ஒரு பையன் நிப்பான், 'வாங்கம்மா'ன்னு கூட்டிக்கினு போவான். மொத வரிசை. சேர் முதுகுல ஒரு பேப்பர்ல என் பேர எழுதி ஒட்டியிருப்பாங்க. என் பேர. இங்க நான் ஏழாம் நம்பரு. ஊர்ல நான் அவன் அம்மா, இவன் பொண்டாட்டி. எழுதின பேர நான் வேற எங்கயும் பாத்ததில்ல, சம்பளச் சீட்டுல தவிர."

பெல் அடித்தது. கட்டை என் டேபிளில் வைத்துவிட்டுப் போய்விட்டார். எல்லாத் துண்டுகளும் சரியாக இருந்தன. அவர் தைப்பதில் நான் ஒருநாளும் தப்புக் கண்டுபிடித்ததில்லை.

மறுவாரம் சனிக்கிழமை நானும் அந்த அக்காவும் காட்சியகத்துக்குப் போனோம். நான்தான் கெஞ்சிக் கூட்டிப்போனேன். அந்தத் துண்டின் உண்மையான கதையை அதற்குள் பஸ்ஸிலும் கேண்டீனிலுமாகக் கேட்டு வாங்கியிருந்தேன். அவருடைய புருஷனின் தாத்தா இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மாப் பக்கம் போனவர். எங்கள் மாவட்டத்தில் இப்படி ஆள் போகாத கிராமம் கிடையாது. போனவர் ஒரு காலோடு திரும்பி வந்தார். இன்னொரு காலுக்கு உரிய பூட்ஸும் மூட்டையில் வந்தது. போட்டுக்கொள்ளக் கால் இல்லாத பூட்ஸ். ஏழை வீட்டில் தோலை வீணாக்குவார்களா? அறுத்து, கதவுக்குக் கீலாக ஒரு துண்டு, மாட்டுக்குக் கழுத்துப் பட்டியாக ஒரு துண்டு, பிள்ளைகளுக்குக் கவண் வார் ஒன்று. நாக்கு மட்டும் எதற்கும் உதவாமல் பெட்டியில் தங்கிவிட்டது.

அது எப்படி இருநூறு வருஷத்துக்கு முந்திய சிப்பாயின் தலைக்குப் போனது? அதுவும் அக்கா சொன்னார். அவர் மாமியார் தன் மாமனாரின் பெயரைச் சொல்ல மாட்டார். அந்தக் காலத்துப் பெண்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். 'சண்டைக்குப் போனவரு' என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால் அறக்கட்டளைக்காரர்கள் ஊர் ஊராகப் போய், புரட்சிச் சிப்பாய்களின் வாரிசு யாராவது இருக்கிறீர்களா என்று விசாரித்தார்கள். மாமியார், எங்கள் வீட்டிலும் சண்டைக்குப் போனவர் ஒருத்தர் உண்டு என்று பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவர்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். எந்தச் சண்டை என்று கேட்கவில்லை. அவரும் வெளி ஆண்களிடம் வாயாடுகிறவர் இல்லை, கூட்டத்துக்கும் மருமகளைத்தான் அனுப்பினார். அக்கா பேக்டரியிலிருந்து வரும்போது பெட்டி காலி, ஒரு நன்றிக் கடிதம் மட்டும் கிடந்தது.

இதையெல்லாம் செயலாளரிடம் சொன்னால் மனுஷன் துள்ளிக் குதிப்பார் என்று நான் நம்பினேன். பொய் அட்டையை எடுத்துவிட்டு உண்மை அட்டை வைக்கலாமே! பர்மாவுக்குப் போன பூட்ஸ் ஒன்று கையில் இருக்கிறது, எந்த மியூசியத்துக்குக் கிடைக்கும்?

செயலாளர் வெள்ளைச் சட்டை போட்ட, அமைதியான ஆள். எங்களுக்கு ஜூஸ் வரவழைத்தார். எனக்கு மட்டும் 'வாங்க மேடம்' என்றார்.

"நம்ம காட்சியகம் புரட்சிக்கு உண்டானது மேடம். ரெண்டாம் உலகப் போர் நம்ம தலைப்புல வராது."

"ஒரு ஓரத்துல ஒரு பொட்டி சார். இந்த மாவட்டத்துல இருந்து எத்தன பேர் போனாங்க. எந்த மியூசியத்துலயும் அவங்களப் பத்தி ஒரு வரி இல்ல."

"சரி, வெக்கறோம்னே வைங்க. அவர் பேர் இன்னா? எந்த ரெஜிமெண்ட்டு? நம்பரு? டிஸ்சார்ஜ் பேப்பர் எதாச்சும் இருக்கா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் ஜூஸைத் தொடவில்லை.

"பேப்பர் எல்லாம் கரையான் தின்னுடுச்சு சார்."

"பேராவது?"

"தெரியாதுங்க. எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரான்னு இருந்தேன். அவரும் போய்ட்டாரு."

செயலாளர் கைகளை விரித்தார். "பாருங்கம்மா. உணர்ச்சி வேற, ஆவணம் வேற. பேரே இல்லாம எப்படி வெக்கறது?"

எனக்கு மண்டை சூடேறிவிட்டது. "எட்டு வருஷமா வெச்சிருந்தீங்களே சார், அந்தச் சிப்பாய் பேர் இன்னா?"

"எந்தச் சிப்பாய்?"

"தலைப்பாகைக்காரர். ஆயிரத்து எண்ணூத்தி ஆறு. அவர் பேரு, நம்பரு, பேப்பர்? அத யார்கிட்ட கேட்டீங்க?"

"அது வேற மேடம். அது மரபு."

இந்த வார்த்தையை நான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன். இருநூறு வருஷத்துக்கு முன்னால் செத்தவன் என்றால் பெயர் வேண்டாம், வெல்வெட் போதும். நம் தாத்தன் காலத்தில் கால் இழந்தவன் என்றால் பெயர், நம்பர், பேப்பர். வீரன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறானோ அவ்வளவு சுலபமாக நாம் அவனை நம்பிவிடுகிறோம். கிட்டே வந்தால் சந்தேகம். அவன் பேரன் மனைவி பேக்டரியிலிருந்து நேராக, கையில் பசை நாற்றத்தோடு வந்து நின்றால் இன்னும் ஜாஸ்தி சந்தேகம்.

அக்கா அதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார். தோல் துண்டை ஒரு பழுப்புக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். படியிறங்கும்போது நான் கத்திக்கொண்டே வந்தேன்.

"விடுங்க மேடம்," என்றார் அக்கா. "உங்களுக்குக் கத்தறதுக்கு வாய் இருக்கு. எனக்கு பஸ்ஸு இருக்கு."

நான் விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அணைக்கட்டுப் பக்கம் அவர் ஊருக்கே போய்விட்டேன். ஒரு பெயர், அவ்வளவுதானே, கண்டுபிடித்துவிட்டால் போயிற்று என்கிற திமிர். வீட்டில் இருந்த பழைய காகிதம் எல்லாவற்றையும் தரையில் கொட்டினோம். கரண்ட் பில், புருஷனின் இறப்புச் சான்றிதழ், மகனின் மார்க் ஷீட். ஒரே ஒரு பழைய ரேஷன் கார்டில் அக்காவுடைய மாமனாரின் பெயர் இருந்தது, சண்டைக்குப் போனவரின் மகன். அதற்கு முன்னால் ஓர் எழுத்து: மு. சண்டைக்குப் போனவரின் பெயரில் மிச்சம் அந்த ஒற்றை இனிஷியல்தான். முனுசாமியா, முருகேசனா, முத்துவா?

தெருவில் விசாரித்தேன். எதிர்வீட்டு அம்மாள், "நொண்டித் தாத்தா வீடுன்னு சொல்லுவாங்க" என்றார். இன்னொருவர், "பட்டாளத்தான் வீடு". பெயர் யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்குள் மருமகள் சொல்லக்கூடாது, வெளியே ஊர் காலைப் பார்த்துப் பெயர் வைத்துவிட்டது. ஒரு மனுஷன் யுத்தத்தில் காலைக் கொடுத்துவிட்டு வந்து, வீட்டில் மரியாதையாலும் வெளியே கேலியாலும் பெயரையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

நான் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அக்கா சொன்னார்: "உங்களுக்கு இன்னா அவர் பேரு மேல இவ்ளோ பேஜாரு? நான் கேட்டது அவர் பேரு இல்ல. என் சேரு."

"பத்தாம் தேதி வாங்கக்கா. என் சேர்ல நீங்க உக்காருங்க," என்றேன்.

"நீங்க குடுத்து நான் உக்காரணுமா?"

அதோடு பேச்சு முடிந்தது. நான் கூட்டத்துக்குப் போகவே கூடாது என்று முதலில் முடிவு செய்தேன். பிறகு, போய் மைக்கில் நாலு வார்த்தை கேட்காமல் விடக்கூடாது என்று முடிவை மாற்றினேன்.

ஜூலை பத்து. சந்துக்குள் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஸ்பீக்கரில் வீரப் பாட்டு. முதல் வரிசையில் மட்டும் வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள், முதுகில் பெயர் ஒட்டியவை. மூன்றாவதில் என் பெயர். அதற்கு அடியில் பிய்த்தெடுத்த போன வருஷத்துப் பெயர்த்தாளின் ஓரம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நாற்காலித் துணியை மாற்றாமல் வைத்திருந்திருக்கிறார்கள்.

உட்கார்ந்து பத்து நிமிஷம் இருக்கும். வாசலில் ஏதோ பேச்சுவார்த்தை கேட்டுத் திரும்பினேன். அக்கா. நல்ல பட்டுச் சேலை, தலையில் கனகாம்பரம். வருஷா வருஷம் வருகிற மாதிரியே வந்திருந்தார். பேட்ஜ் குத்திய பையன் கையிலிருந்த லிஸ்டை மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க பேர் இல்லியேம்மா. பின்னாடி எடம் இருக்கு, அங்க போய்..."

அந்த நேரம் பார்த்து மேடையிலிருந்து என் பெயரை அழைத்தார்கள். சால்வை போட வேண்டுமாம். நான் எழுந்து போனேன். சால்வையைப் போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். நான் மைக்கைக் கேட்டேன். செயலாளருக்கு விருப்பமில்லை, ஆனாலும் கொடுத்தார்.

தயார் பண்ணி வைத்திருந்தது எல்லாம் மறந்துவிட்டது. படபடவென்று கொட்டினேன். அந்தத் தோல் பொய் இல்லை, உங்கள் அட்டைதான் பொய். அது பர்மாவுக்குப் போய்க் காலை விட்டுவிட்டு வந்த, அணைக்கட்டுப் பக்கத்து மனுஷனுடைய பூட்ஸ். அதை வைக்க உங்களிடம் இடம் இல்லை, அவர் வீட்டுப் பெண் உட்கார நாற்காலியும் இல்லை. தப்பாக எழுதியது நீங்கள், தண்டனை அவருக்கா? இவ்வளவுதான் சொல்லியிருப்பேன். செயலாளர் சிரித்த முகத்தோடு மைக்கை என் கையிலிருந்து வாங்கி, "இளைஞர்களின் ஆர்வத்துக்கு ஒரு பலத்த கைத்தட்டல்" என்றார். கூட்டம் தட்டியது. நான் திட்டியதற்கும் தட்டுகிற கூட்டத்தை என்ன செய்வது?

இறங்கி வந்து பார்த்தால் என் நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தார்.

யாரும் கூட்டி வரவில்லை, நான் கொடுக்கவும் இல்லை. நான் மேடையில் கத்திக்கொண்டிருந்தபோது அவர் நடுப்பாதை வழியாக நேராக நடந்து வந்து உட்கார்ந்துவிட்டார். முதுகு விறைப்பாக, இரண்டு கையும் நாற்காலியின் கைப்பிடிமேல். பேட்ஜ் பையன் குனிந்து நின்றிருந்தான்.

"எழுந்திரிங்கம்மா, இது அந்த மேடம் சேரு. பேர் போட்டிருக்கு பாருங்க."

"பேரா? இன்னிக்கி யாருக்குக் கும்புடு போடறீங்களோ அவங்க பேர் எல்லாம் எழுதி வெச்சிருக்கியா? கொண்டா. படிச்சுக் காட்டு. நான் எழுந்துக்கறேன்."

பையன் என்னைப் பார்த்தான். "நான் நிக்கறேன் தம்பி," என்றேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. நான் சால்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஷாமியானாக் கம்பத்தின் அருகே போய் நின்றேன். பையன் ஓடிப்போய்ச் செயலாளரின் காதில் ஏதோ சொன்னான். அவர் அக்காவைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மைக்கின் முன் போய் நின்றார்.

"பெயர் தெரியாத நம் வீரர்களுக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி. அனைவரும் எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

எல்லாரும் எழுந்தார்கள். நாற்காலிகள் கரகரவென்று பின்னால் நகர்ந்தன. பேட்ஜ் பையன் இன்னொருவனையும் கூட்டிக்கொண்டு மூன்றாவது நாற்காலிக்குப் பின்னால் வந்து தயாராக நின்றான். ஆள் எழுந்ததும் நாற்காலியை இழுத்துவிடலாம் என்று கை நீட்டிக்கொண்டே நின்றான்.

அக்கா எழுந்திருக்கவில்லை.

அத்தனை பேரும் தலை குனிந்து நிற்க, அவர் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். கைப்பிடியை விடவில்லை. கண் மட்டும் மேடைக்குப் பின்னால் தொங்கிய பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர், கையில் கேமரா வைத்திருந்தவர், மௌனம் முடிவதற்குள்ளேயே என் காதருகில் குனிந்தார்.

"பாருங்க மேடம், செத்தவங்களுக்கு எழுந்து நிக்கக்கூட தெரியல. எங்கருந்து வர்றாங்களோ."

"பர்மாவுலருந்து," என்றேன். மௌனத்தில் அது நான் நினைத்ததைவிட உரக்கக் கேட்டது. முன் வரிசையில் நாலைந்து தலைகள் திரும்பின. அக்கா திரும்பவில்லை. நிமிஷம் முடிந்து மற்றவர்கள் உட்கார்ந்தபோது, அவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.